எதிரொலி காட்டும் கரு

திருகோணமலைத் துறைமுகத்தினுள் நுழையும் கப்பல் எதுவாயினும், தன் அடியில் எத்துணை ஆழம் உண்டென்பதனை அறிந்துகொண்டே நுழைகின்றது. முன்னாளில் மாலுமி ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி ஆழம் அளந்தான். இந்நாளில் அவ்வேலையை ஒலி செய்கின்றது. கப்பலின் அடியிலிருந்து புறப்படும் ஒலித்துடிப்பு கடலடியைத் தொட்டு எதிரொலியாய் மீளும்; சென்று மீளும் நேரத்தைக் கருவி கணக்கிடும். கடல்நீரில் ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 1,500 மீற்றர் செல்லும். போய் மீளப் பத்தில் ஒரு செக்கன் ஆயிற்றென்றால், ஒலி கடந்த தூரம் 150 மீற்றர்; அதிற் பாதியாகிய 75 மீற்றரே கடலின் ஆழம். கணக்கு இவ்வளவே.

இத்துறைமுகத்தின் தெற்கிலும் தென்மேற்கிலும் கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய், மூதூர் முதலிய ஊர்கள் பரந்து கிடக்கின்றன. நெல்லும் பாலும் தயிரும் அவ்வூர்களின் செல்வம். அங்குள்ள எருமைப் பட்டியொன்றில் நிற்கும் கால்நடை வைத்தியர் ஒருவர், கப்பலிலே மாலுமி செய்த அதே கணக்கைத்தான் செய்கின்றார். அவர் அளப்பது கடலின் ஆழமன்று. எருமையின் வயிற்றினுள் அரும்பியிருக்கும் கருவினை. அவர் கையிலுள்ள கருவியைப் பொதுமக்கள் ‘ஸ்கேன்’ என்பர். நூலோர் கழியொலிக் கருவி என்றும், மீயொலிக் கருவி என்றும் வழங்குவர். அது இயங்குமாறு யாது, அதனைத் தேர்ந்தெடுக்கும் வகை யாது, பயன்படுத்தும் முறை யாது என்பனவற்றை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

மனிதச் செவி செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டது கழியொலி. வௌவால் இருளிற் பறப்பதும், டால்பின் கலங்கிய நீரில் இரை தேடுவதும் அவ்வொலியின் துணைகொண்டே. மனிதன் அதனைத் தன்வசப்படுத்தியது மிகப் பிந்தியே. 1880ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சகோதரர்களாகிய பியேர் கியூரியும் ஜாக் கியூரியும், சிலவகைப் படிகங்களை அழுத்தும்போது அவற்றில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். அதன் மறுதலையும் உண்மையென்பது விரைவிற் புலனாயிற்று: மின்னழுத்தம் கொடுத்தாற் படிகம் அதிரும். ஆகவே ஒரே படிகம் வாயாகவும் செவியாகவும் தொழிற்படும். ஒலியை எழுப்பும், மீள வரும் எதிரொலியைக் கேட்டு மின்குறியாக மாற்றும்.

முதலாவது உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்கள் பெருந்தொல்லை விளைத்தபோது, போல் லான்ஜவன் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி இப்படிகத்தைப் பயன்படுத்தி அவற்றைக் கண்டறியும் வழியை வகுத்தார். பிரித்தானியக் கடற்படை அம்முறையை வளர்த்து ‘அஸ்டிக்’ எனப் பெயரிட்டது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய திருகோணமலைக்கு இக்கருவி புதியதன்று. போருக்குப் பின்னர் அதே தத்துவம் ஆலைகளிலே உலோகத்தின் உட்பிளவுகளைக் கண்டறியப் பயன்பட்டது. 1955இல் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று வைத்தியரான இயன் டொனால்ட், அறுவைச் சிகிச்சையில் அகற்றிய கட்டிகளை அத்தகைய ஆலையொன்றுக்கு எடுத்துச் சென்று, உலோகத்தைச் சோதிக்கும் கருவியினால் அவற்றைச் சோதித்துப் பார்த்தார். ஒப்பிட்டு நோக்குவதற்கு ஆலையினர் அவருக்குக் கொடுத்தது ஒரு துண்டு மாட்டிறைச்சி. மனிதரின் நோயை அறிய எழுந்த இத்துறையில், மாடு அன்றே ஒரு பங்கு வகித்தது எனலாம். அவரும் அவருடைய துணைவர்களும் 1958இல் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு வழிதிறந்தது.

கால்நடைகளிடத்து இம்முறை பரவுதற்கும் நெடுங்காலம் செல்லவில்லை. 1966இல் ஐவன் லின்டால் என்னும் அமெரிக்கர் செம்மறியாட்டின் சினையைக் கழியொலியினால் அறியலாமெனக் காட்டினார். 1980இல் பாமர், திரியான்கூர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் இருவர், பெண்குதிரையின் குதத்தினூடாக முனையைச் செலுத்திக் கருப்பையைத் திரையிற் கண்டனர். இன்று பசுவையும் எருமையையும் சோதிக்கும் முறை அதன் வழிவந்ததே.

பட்டிக்காரருக்கு இதனால் வரும் பயன் யாது? பசு ஏறக்குறைய 280 நாளும், எருமை ஏறக்குறைய 310 நாளும் கரு சுமக்கும். சினைப்படாத பசு 21 நாளுக்கு ஒருமுறை வேட்கைக்கு வரும். திருகோணமலை மாவட்டத்திற் பெரும்பாலான மாடுகள் கட்டுத்தறியில் நிற்பனவல்ல. பட்டி பட்டியாக மேய்ச்சலுக்குப் போவன. பெரும்போக விதைப்பு வந்ததும் அவை வயலை விட்டுக் காட்டோரத்துக்குச் சாய்க்கப்படும். நாம்பனும் பசுவும் ஒன்றாக மேயும் பட்டியில், எந்தப் பசு எந்நாளிற் சினைப்பட்டது என்பதனைக் கூறவல்லார் அரியர். எருமையோ தன் வேட்கையை வெளிப்படக் காட்டுவதும் குறைவு.

பட்டிக்காரர் ஒருவர் தம் மாட்டைச் சினையென நம்பி மூன்று மாதம் காத்திருந்தார் எனக் கொள்ளலாம். பின்னர் அது வெறும் வயிறு எனத் தெரிகின்றது. முப்பதாம் நாளிலேயே அறிந்திருந்தால் அறுபது நாள், அதாவது ஏறக்குறைய மூன்று வேட்கைக் காலம், வீணாகியிராது. அக்காலமெல்லாம் அம்மாடு புல்லைத் தின்றது. பாலும் இல்லை, கன்றும் இல்லை. இதன் மறுபுறம் இன்னும் கொடியது. சினையுற்ற மாட்டை மலடெனக் கருதி இறைச்சிக்கு விற்றுவிடுதலும் உண்டு. பணமுடை நெருக்கும் வேளையில் எதனை விற்பது, எதனை வைத்திருப்பது என்ற கேள்வி எழும். அக்கேள்விக்கு ஊகத்தாற் கூறும் விடை, ஒரு குடும்பத்தின் அடுத்த ஆண்டு வருவாயையே அழித்துவிடக்கூடும்.

கைதேர்ந்த வைத்தியர் கையுறை அணிந்து குதத்தினூடாகக் கையைச் செலுத்திக் கருப்பையைத் தடவிப் பார்த்தே சினையை அறிவார். ஏறக்குறைய 35 முதல் 45 நாளின் பின்னர் அது கைகூடும். இது பழைய முறையாயினும் பழுதற்ற முறை. கழியொலிக் கருவி 28 அல்லது 30 நாளிலேயே விடை தரும். அவ்வேளையிற் கருவின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். எனினும் திரையில் அதன் இதயம் துடிப்பதைக் காணலாம். கரு உண்டா என்பதோடு, அது உயிரோடு இருக்கின்றதா என்பதனையும் காட்டுவதே இக்கருவியின் தனிச்சிறப்பு. கை அதனை இவ்வளவு முன்னதாக அறியாது.

திரையிற் காணும் படம் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் கலந்தது. நீர் எதிரொலியைத் தராது. ஆதலின் பனிக்குடத்து நீரும் சிறுநீர்ப்பையும் கறுப்பாய்த் தோன்றும். தசையும் ஈரலும் சாம்பல் நிறமாயிருக்கும். எலும்பும் கல்லும் ஒலியை முற்றாகத் திருப்பிவிடுதலால் வெண்மையாய்த் தோன்றி, தமக்குக் கீழே கரிய நிழலை வீழ்த்தும். காற்றோ ஒலியை உட்புகவிடாது. முனைக்கும் உடலுக்கும் இடையில் மயிரளவு காற்று நின்றாலும் படம் மறைந்துவிடும். ஜெல் என்னும் பசையைத் தடவுவது அக்காற்றை நீக்குவதற்கே.

இனி, கருவியைத் தேர்ந்தெடுக்கும் வகையை நோக்கலாம். கருவி வாங்கப் புகுவோர் பெரும்பாலும் திரையின் அளவையும் விலையையும் பார்ப்பர். பார்க்கவேண்டியது முதலில் முனையையே. புரோப் என வைத்தியர்கள் கூறுவது அதுவே. மென்திசுவில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர் செல்லும். மீடிறன் கூடினால் அலைநீளம் குறுகும். படத்தின் நுட்பம் பெருகும். ஆனால் ஒலி ஆழத்துக்குச் செல்லுமுன் தேய்ந்துபோகும். மீடிறன் குறைந்தால் ஆழம் கிட்டும், நுட்பம் குறையும். 3.5 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 0.44 மில்லிமீற்றர், 7.5 மெகாஹேர்ட்ஸில் 0.2 மில்லிமீற்றர். நுட்பமும் ஆழமும் ஒருங்கே நிறைவாய்க் கிடைப்பதில்லை. எனவே எந்த விலங்கில் எதனைப் பார்க்கப் போகின்றோம் என்பது முடிவான பின்னரே முனையைத் தெரிதல் வேண்டும்.

பசுவுக்கும் எருமைக்கும், குதத்தினூடாகச் செலுத்தத்தக்க நேர்கோட்டு வடிவ முனை வேண்டும். 5 முதல் 7.5 மெகாஹேர்ட்ஸ் வரை மாற்றத்தக்கதாயிருப்பின் கருப்பைக்கும் சூலகத்துக்கும் ஒருங்கே உதவும். ஆடு, நாய் முதலியவற்றின் வயிற்றின்மேல் வைத்துப் பார்ப்பதற்கு வளைந்த முகமுடைய முனை ஏற்றது. பூனைக்கும் சிறு நாய்க்கும் அவ்வடிவிலேயே சிறியது வேண்டும். மனிதருக்காகச் செய்யப்பட்டுப் பழையதாகிய இயந்திரம் மலிவாகக் கிடைக்கின்றதென்று வாங்குவோர் உளர். குதவழி முனை பொருந்தாத இயந்திரம் மாட்டுப் பட்டியில் எத்துணை மலிவாயினும் வீண்செலவே.

இரண்டாவதாக, கருவி செல்லும் இடத்தை எண்ணுதல் வேண்டும். வைத்தியசாலை மேசைமேல் இருக்கப்போகும் கருவிக்கும், ஈச்சிலம்பற்று, வெருகல்ப் பக்கத்துப் பட்டிகளுக்குத் தோளில் தூக்கிச் செல்லப்படும் கருவிக்கும் பெரும் வேறுபாடு உண்டு. பட்டியில் மின்சாரம் இராது. ஒரு காலை முழுதும் தாங்கும் பற்றரியும், மாற்றுப் பற்றரியும் வேண்டும். சேறும் சாணமும் தூசியும் நீரும் புகாத உறை வேண்டும். பட்டப்பகல் வெயிலில் திரை வெளிறிப்போகும். கறுப்புக்கும் சாம்பலுக்கும் வேற்றுமை தெரியாதவிடத்துச் சோதனையும் பொய்த்துப்போகும். அதற்கென மூக்குக் கண்ணாடிபோல் முகத்தில் அணியும் திரைகள் உள்ளன. அவை இல்லையேல் நிழலிடம் தேடிக்கொள்ளல் வேண்டும். கம்பியில்லாமற் கைத்தொலைபேசியோடு இணையும் முனைகளும் இப்போது வந்துள்ளன. அவை இலகுவானவை, ஆயினும் மாட்டின் குதவழிச் சோதனைக்கு உரியனவா என்பதனை ஆராய்ந்தே பெறுதல் நன்று. கடற்காற்றின் உப்பு துறைமுக நகரத்து இரும்புக் கதவையே அரிப்பது; இலத்திரன் கருவியின் இணைப்புகளை அரிக்காது விடுமா? பயன்படுத்தாத வேளையிற் காற்றுப்புகாத பெட்டியில், ஈரமுறிஞ்சும் பொருளோடு வைத்தல் முறை.

மூன்றாவதாக, பழுதுபார்ப்போர் யார் என்பது. முனை கையிலிருந்து ஒருமுறை நழுவி விழுந்தாலும் உள்ளிருக்கும் படிகத் துணுக்குகள் உடையலாம். உடைந்த இடத்தின் நேரே படத்திற் கருங்கோடு விழும். இதனைச் சோதிக்க எளிய வழியொன்றுண்டு: காகிதம் கோக்கும் மெல்லிய கம்பியொன்றை முனையின் முகத்தின்மேல் குறுக்கே வைத்து மெல்ல நகர்த்தினால், திரையிலே அதன் அடையாளம் உடன் நகர்ந்து வரும், படிகம் இறந்த இடத்தில் மறையும். பழைய கருவியை வாங்குவோர் இச்சோதனையைச் செய்யாது பணம் கொடுத்தல் தகாது. புதியதாயின், உத்தரவாதம் முனைக்கும் உண்டா, திருத்த வேண்டின் இந்நாட்டிலேயே திருத்துவார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, அதுவரை மாற்றுமுனை தருவார்களா என்பனவற்றை எழுத்திற் பெறுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குமுன் கருவியைப் பட்டிக்கே கொண்டுசென்று, சினையென நன்கறிந்த மாட்டில் வைத்து, நண்பகல் வெளிச்சத்திற் பார்த்தல் நலம். காட்சிச்சாலையில் அழகாய்த் தெரியும் படம் காட்டோரத்திலும் அவ்வாறே தெரியும் என்பதற்கு உறுதியில்லை.

விலையைக் கண்டு மலைப்போர்க்கு ஒரு வழியுண்டு. கருவி ஒரு நாளில் எத்தனை மாட்டுக்குப் பயன்படுகின்றது என்பதே அதன் உண்மை விலையைத் தீர்மானிக்கும். ஊர்தோறும் ஒரு கருவி வேண்டுவதில்லை. அயலிலுள்ள பால் உற்பத்தியாளர் சங்கங்கள் நாள் குறித்து, அந்நாளிற் பட்டிகளை ஒன்றுகூட்டி வைத்தால், ஒரே கருவியும் ஒரே வைத்தியரும் பல குடும்பங்களுக்குப் பயன்படலாம்.

பயன்படுத்தும் முறையில் முதலாவது விதி, விலங்கும் மனிதரும் காயமுறாதிருத்தல். மாட்டை அடைப்புச் சட்டத்தினுள் நிறுத்தி, பின்னால் ஒரு மரத்தடியைக் குறுக்கே இடல் வேண்டும். நகங்களை வெட்டி, நீண்ட கையுறை அணிந்து, வழுக்கும் பசை தடவி, முதலிற் குதத்திலுள்ள சாணத்தை முற்றாக அகற்றுதல் வேண்டும். சாணமும் காற்றும் நின்றாற் படம் கிடையாது. பின்னர் வெறுங்கையால் தடவிக் கருப்பையின் கிடையை அறிந்துகொண்டு, அதன்பின்னரே முனையை உட்கொண்டு செல்லல் வேண்டும். கையால் தடவத் தெரியாதவர்க்குக் கருவி துணைசெய்யாது என்பது இதனாற் பெறப்படும். சிறுநீர்ப்பையை அடையாளம் கண்டு, கருப்பையின் ஒரு கொம்பு, மறு கொம்பு, இரு சூலகம் என ஒரே ஒழுங்கிற் பார்த்துவருபவர் எதனையும் தவறவிடார். கண்டதனை அன்றே மாட்டின் காதுக் குறிப்பிலக்கத்தோடு ஏட்டிற் பதிதல் வேண்டும். பதியாத சோதனை நாளை நினைவில் நில்லாது.

வெள்ளாட்டுக்கு இவ்வளவு இடர் இல்லை. நின்றபடியே, பின்தொடையின் உட்பக்கத்து மயிரற்ற இடத்தில் ஜெல் தடவி முனையை வைத்தால், ஏறக்குறைய 40ஆம் நாளிற் சினை தெரியும். வயிற்றிலே குட்டி ஒன்றா இரண்டா என அறிந்தால், இரட்டை சுமக்கும் ஆட்டுக்கு ஈற்றுக் காலத்தில் மிகுதியாகத் தீனி கொடுத்துத் தாயையும் குட்டிகளையும் காக்கலாம். நாய்க்கு ஏறக்குறைய 25ஆம் நாளின் பின்னர் சினை தெரியும். ஆனால் குட்டிகளைச் சரியாக எண்ணிச் சொல்லுதற்கு ஈற்றுக்கு அண்மையில் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படமே பொருத்தமானது.

தூய்மை அடுத்த விதி. ஒரு மாட்டின் கையுறையோடு மறு மாட்டைத் தொடலாகாது. குருதியினால் தொற்றும் நோய்கள் அவ்வழியே பரவும். பட்டிவிட்டுப் பட்டி செல்லுமுன் முனையையும் கம்பியையும் காலணியையும் கழுவித் தொற்றுநீக்குதல் வேண்டும். கால்வாய் நோய் போன்றவற்றைச் சுமந்து செல்லும் வாகனமாக வைத்தியரே ஆகிவிடுதல் கூடாது. எல்லாத் தொற்றுநீக்கியும் முனைக்கு ஏற்றதன்று. சில அதன் முகத்திலுள்ள மென்படையைக் கெடுக்கும். செய்தோர் கூறிய மருந்தையே பயன்படுத்துதல் வேண்டும்.

இனி இக்கருவியின் எல்லையையும் அறிதல் வேண்டும். காற்று நிறைந்த இரைப்பையின் உட்பொருளை அது காட்டாது. திருகோணமலை நகரத்துக் குப்பைமேட்டில் மேயும் மாடு விழுங்கிய பொலித்தீனை இதனாற் காண்டல் அரிது. கம்பித்துண்டை விழுங்கிய மாட்டின் இதயத்தைச் சூழ நீர் தேங்கியிருப்பதனைக் காட்டும். கம்பியைத் தேடுவதற்கு எக்ஸ்-கதிரே உகந்தது. நிறைந்த சிறுநீர்ப்பையைப் பனிக்குடமென மயங்குதலும், சீழ் கட்டிய கருப்பையைச் சினையென மயங்குதலும் பழகாதார்க்கு நேர்வன. நீரை மட்டும் கண்டு சினையென்று கூறலாகாது. கருவையும் அதன் இதயத்துடிப்பையும் கண்டே கூறல் வேண்டும். முப்பதாம் நாளில் உயிரோடிருந்த கரு பின்னர் அழிந்துபோதலும் இயற்கையில் உண்டு. ஆதலின் அறுபதாம் நாளளவில் மறுபடி பார்த்தல் முறை.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. வெறும் வயிறெனத் தவறாகக் கூறப்பட்ட மாட்டுக்கு, அதனை வேட்கைக்கு வரச்செய்யும் புரொஸ்ராகிளண்டின் என்னும் ஊசி போடப்பட்டால், உள்ளிருந்த கரு சிதைந்துவிடும். தெளிவாய்த் தெரியாதபோது, ‘இன்று தெரியவில்லை, பத்து நாள் கழித்துப் பார்க்கலாம்’ என்று கூறும் வைத்தியர் தம் மதிப்பை இழப்பதில்லை. துணிந்து கூறிய பொய்விடையே ஒரு கன்றை இழக்கச்செய்யும்.

இவ்வொலி கருவுக்குத் தீங்கு செய்யுமோ என்பது பலர் கேட்கும் கேள்வி. லான்ஜவன் நீர்த்தொட்டியிற் பேராற்றலுடைய கழியொலியைச் செலுத்தியபோது அதிலிருந்த சிறுமீன்கள் இறந்தன. நீரிற் கையை விட்டவர் வலியுணர்ந்தனர். ஆனால் நோயறியும் கருவியின் ஆற்றல் அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. எக்ஸ்-கதிரின் கேடும் இதற்கில்லை. ஆயினும் தேவைக்கு மேல் நெடுநேரம் முனையை ஓரிடத்தில் வைத்திருத்தல் வேண்டாம் என்பதே அறிஞர் கொள்கை.

கருவியைப் பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்கலாம். கண்ணைப் பழக்குவதற்கோ மாதங்கள் செல்லும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்திற் கற்று வந்த இளம் வைத்தியரும், பட்டியில் நூறு மாடு பார்த்த பின்னரே தம் விடையில் உறுதி பெறுவர். கொல்களத்திலிருந்து பெற்ற கருப்பையை நீர்த்தொட்டியில் இட்டு முதலிற் பழகுதல் நல்ல வழி. கையில் இருப்பதையும் திரையில் தெரிவதையும் ஒருங்கே ஒப்பிடலாம்.

ஈயக்குண்டு இறக்கிய மாலுமிக்கும் எதிரொலி கேட்கும் மாலுமிக்கும் கடமை ஒன்றே: கப்பல் தரைதட்டாமற் காத்தல். கை தடவிய வைத்தியர்க்கும் திரை நோக்கும் வைத்தியர்க்கும் கடமை அவ்வாறே ஒன்றாகும். கருவி எதிரொலியை மட்டுமே தரும். அதன் பொருளை உணர்ந்து, ‘இம்மாட்டை விற்கவேண்டாம், இது கன்று சுமக்கின்றது’ என்று பட்டிக்காரரின் முகம் நோக்கி உறுதியாகக் கூறவேண்டியவர் மனிதரே.